சேவ் ஆகாத பாட்டு

கீக்... கீக்... கீக்...

கரண்ட் போனதும் யூபிஎஸ் போடும் அந்தச் சத்தம் இன்றைக்கு எங்கே கேட்டாலும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

நேற்று இந்த குரூப்பில் ஒருவர், வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன்... அந்தமானில் எங்கள் பழைய ஜங்லிகாட் வீட்டுக்கே போய்விட்டேன்.

போர்ட் பிளேரில் அப்போதெல்லாம் டவுன்லோட் என்பது பேராசை. ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். சாஃப்ட்வேர்கூட எங்களுக்குக் கப்பலில்தான் வரும். மெயின்லேண்டில் படிக்கிற யாராவது லீவுக்கு வரும்போது பென் டிரைவில் போட்டுக்கொண்டு வர வேண்டும். வந்தது எதுவோ, அதுதான் நமக்கு.

எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்று இலவசம். அழுதுவடிந்த முகம், ஆனால் சொன்னதைச் செய்யும். இன்னொன்று அந்த வாரம்தான் கப்பலில் வந்தது. அடேயப்பா, திரை முழுக்க பட்டன்! பாடும்போதே எதிரொலி சேர்த்து ஹெட்போனில் கேட்கலாம்.

"யேஹி சலேகா! இதுலயே எடுப்போம்" என்றான் தபன். பக்கத்து வீட்டு பெங்காலிப் பையன், எங்கள் கீபோர்டு வித்வான்.

எடுக்க வேண்டியது அம்மாவின் குரலை. சர்ச் பாடகர் குழுவில் அம்மாதான் முதல் குரல். தொண்டையில் கட்டி. சென்னையில் ஆபரேஷன். பிறகு குரல் இருக்குமா என்பதற்கு டாக்டர் உறுதி சொல்லவில்லை. ரெக்கார்ட் பண்ண உட்கார்ந்த அன்றைக்கேதான் சென்னைக்குக் கப்பல்.

தொண்டையைச் சிரமப்படுத்தக் கூடாது என்பதால் ஒரே ஒரு தடவைதான். மாதா பாட்டு. ஹெட்போனை மாட்டியதும் அம்மா முகம் மலர்ந்தது.

"ஏல, சர்ச்சுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு!"

பாடினாள். கடைசி வரியில் குரல் கிழிந்து, கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், இனி முடியாது.

நான் சேவ் அழுத்தினேன்.

'முழு வெர்ஷன் வாங்கினால்தான் சேவ் செய்ய முடியும்' என்று ஒரு பெட்டி வந்தது. எங்களுக்கு வந்தது வெறும் ட்ரையல்! வந்த நாளிலிருந்து விளையாடினோமே தவிர, ஒரு தடவைகூட எதையும் சேவ் பண்ணிப் பார்க்கவில்லை.

சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. கீக்... கீக்...

"பந்த் மத் கர்! மூடாத, மூடாத!" தபன் கத்தினான்.

வாசலில் ஆட்டோ. அப்பா அங்கிருந்து சத்தம் போட்டார். "ஏல, கப்பல் என்ன ஒங்கப்பன் வீட்டு வண்டியா, நின்னு ஏத்திட்டுப் போக?"

"அவனப் பெத்த அப்பன் நீங்கதான?" என்றாள் அம்மா. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தபன் ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கி யூபிஎஸ்ஸில் செருகினான். பாட்டை ஓடவிட்டோம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் என் போனைப் பிடித்து, அதில் ரெக்கார்ட் போட்டேன். மூச்சுகூட விடவில்லை நாங்கள். வெளியே ஹாரன். கீக் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. கடவுளே, இன்னும் ஒரு சரணம்... இன்னும் ஒரு வரி...

பாட்டு முடிந்தது. பையைத் தூக்கியபடி அம்மா கேட்டாள்.

"பதிஞ்சிருச்சால?"

நான் தலையாட்டினேன். கம்ப்யூட்டர் திரை அணைந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா திரும்பி வந்தாள். குரல் வரவில்லை. இப்போது காற்று மட்டும்தான். பக்கத்தில் காது வைத்தால் புரியும்.

இன்றைக்குக் கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் பறக்கிறது. அதே சாஃப்ட்வேரை முழுசாக வாங்கிவிட்டேன். போன மாதம் அந்தப் பாட்டிலிருந்து கீக் சத்தம், ஹாரன் எல்லாவற்றையும் துடைத்து எடுத்து, பெருமையாக அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

கேட்டுவிட்டு என் காதருகே வந்தாள். "கடைசில நான் ஒன்னு கேட்டேன்லா... அது எங்கல?"

பாட்டு முடிந்த பிறகு வருகிற பேச்சுதானே என்று வெட்டியிருந்தேன்.

"அதுவும் என் குரல்தானல."

பழைய ஃபைலைத் திரும்பத் திறந்தேன்.

கேட்ட நண்பருக்கு... எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். முதலில் ஒரு வரி பாடி, சேவ் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நான் பழைய ஃபைலைத்தான் கேட்கிறேன், கீக் கீக்கோடு. முடிவில் அம்மா கேட்பாள், "பதிஞ்சிருச்சால?" ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

"பதிஞ்சிருச்சும்மா."