தலைவருக்கு ஓர் இரங்கல் ஸ்டேட்டஸ்

ஐம்பத்து மூன்று வயதில், பட்டப்பகலில், ஒரு கார்ட்டூன் பாத்திரம் செத்ததற்குக் கறுப்புக் கட்டம் கட்டி வாட்ஸப்பில் இரங்கல் ஸ்டேட்டஸ் வைத்தவன் நான். போதையில் இல்லை. காய்ச்சலும் இல்லை. காலையில் நாலு இட்லி ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தேன்.

அந்தத் தொடரை முதலில் மகளுக்குத் துணையாகத்தான் பார்க்கத் தொடங்கினேன். ஐந்து பேர் கொண்ட வீரர் படை, வாரம் ஒருமுறை உலகத்தைக் காப்பாற்றும். நீல முகமூடி போட்ட தலைவருக்கு மட்டும் வயதாகிவிட்டது. பறந்து இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். தமிழ் டப்பிங்கில் அவருக்கு வாய்த்தது ரேஷன் கடையில் வரிசை கலைந்தால் அதட்டுகிற குரல். எனக்கு முதல் வாரமே பிடித்துப்போயிற்று. ஆறு வருடம் ஓடியது. மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகும், அவள் அங்கே கைப்பேசியிலும் நான் பழங்காநத்தத்து வீட்டு டிவியிலும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு அரைமணி நேரம் பேசுவோம். மற்ற விஷயங்களில் எங்கள் உரையாடல் "சாப்ட்டியா", "ம்" என்பதோடு முடிந்துவிடும்.

தொடரை முடித்து வைக்க ஒரு முழுநீளப் படம் வந்தது. அவளுக்கோ தேர்வு நேரம்.

"சனிக்கிழமை வாரேன். அதுவரைக்கும் நீங்க பாக்கக் கூடாது. யாராச்சும் கதை சொல்ல வந்தா எந்திரிச்சுப் போயிரணும், சரியா?" என்றாள்.

அவளும் கடும் விரதத்தில் இருந்தாள். முடிவு காதில் விழுந்துவிடக் கூடாதென்று நண்பர்களின் குழுக்கள் அத்தனையிலிருந்தும் வெளியேறியிருந்தாள். மிச்சம் வைத்தது எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவை மட்டும்தான். "அதுதான்ப்பா சேஃப். அங்க யாருக்கும் எதுவும் தெரியாது."

புதன்கிழமை நான் தியேட்டருக்குப் போனது சனிக்கிழமைக்கு நல்ல இருக்கை கிடைக்குமா என்று விசாரிக்க. கவுன்ட்டரில் இருந்தவர், "இப்பத்தான் சார் போட்டாங்க, ஓடுனீங்கன்னா பேர் போடுறதுலருந்து பாத்துரலாம்" என்றார். ஒரு மனிதர் இவ்வளவு அக்கறையாகச் சொல்லும்போது மறுக்க எனக்குத் தெரியாது. ஓடினேன்.

கடைசிக் காட்சியில் தலைவர் மற்ற நால்வரையும் வெளியே தள்ளிவிட்டு, கதவை உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டார். நால்வரும் கதவைத் தட்டித் தட்டி அழுகிறார்கள். உள்ளே குண்டு வெடித்தது. நான் பதறவில்லை. புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே வருவார், ஆறு வருடமாக அப்படித்தானே வந்துகொண்டிருக்கிறார். முகமூடி மட்டும் வந்து விழுந்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

கிரேக்க சோக நாடகங்களை முறுக்கு கடித்துக்கொண்டே படித்தவன் நான். ருஷ்ய நாவல்களில் குடும்பம் குடும்பமாகச் செத்தபோதும் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதில்லை. அன்று வண்டிச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியவில்லை. எதிர்க் கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் யார் போனாலும் படத்துக்குக் கட்டம் கட்டி நாலு வரி எழுதிப் போடுவது என் வேலை. எழுதுகிறவன் என்பதற்காக எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே மரியாதை அது. கை தன் பழக்கத்தில் போய்விட்டது. 'ஆறு ஆண்டுகள் எங்கள் வீட்டில் ஒருவராக இருந்த தலைவர் இன்று நம்மைப் பிரிந்தார். ஆழ்ந்த வருத்தத்துடன்...' போட்டுவிட்டு டீயை எடுத்தேன். இரண்டாவது வாயில்தான் மகள் ஞாபகம் வந்தது.

ஸ்டேட்டஸை நீக்கும்முன் பார்த்தவர்கள் பட்டியலைத் தேடினேன். பதினொரு பேர். அவள் இல்லை. அழித்துவிட்டு மூச்சு விட்டேன். கைப்பேசி அடித்தது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து என் மனைவியின் அண்ணன்.

"மாப்ள, மனசத் தேத்திக்கங்க. எடுக்குறது எப்ப?"

"மச்சான், அது வந்து..."

"மாஸ்க்கோட இருக்காரே, ஆஸ்பத்திரில எடுத்த போட்டோவா? பாவம், உடம்பெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சே."

"மச்சான், அது பொம்மப் படம். கார்ட்டூன்."

"பொம்மைக்கா இம்புட்டு எழுதுனீக? எங்கப்பாவுக்கு ரெண்டு வரிதான எழுதுனீக?"

அந்தக் கணக்கைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றேன்.

"அது கெடக்கட்டும். ஃபேமிலி குரூப்ல போட்டுவிட்டேனே!"

அவருக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். குழுவைத் திறந்தேன். கூப்பிய கைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. ஒருவர் வேன் பேசட்டுமா என்று கேட்டிருந்தார். அதற்கும் கீழே மகளிடமிருந்து மூன்றே சொற்கள்: "தலைவர் செத்துட்டாரா அப்பா?" அதன் கீழ் என் ஒன்றுவிட்ட அக்காள் ஆறுதல் சொல்லியிருந்தாள்: "அழாதம்மா, வயசானவுகதான."

கைப்பேசி டீக்குள் விழப் பார்த்தது. நாலு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு செய்தி வந்தது: "சனிக்கிழமை வாரேன். டிக்கெட் போட்டு வைங்க." திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை பகல் காட்சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், பாப்கார்னைக்கூட நீட்டினாள். தலைவர் கதவை நோக்கி நடந்தபோது அரங்கமே அடங்கியது. பின்வரிசையில் யாரோ "வேணாம்யா, உள்ள போகாதய்யா" என்று கெஞ்சினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். வரப்போகிற பஸ்ஸின் நம்பர் தெரிந்தவர்கள் நிற்பதுபோல் இருந்தது முகம். கலக்கமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. ஆறு வருடம் கழித்து அவளுக்கு வரவேண்டிய ஒரு நொடியை நான் டீக்கடையில் வைத்துக் காலி செய்திருந்தேன்.

முகமூடி விழுந்தது. அரங்கத்தில் "ஐயோ" என்று ஒரு பெருங்குரல் எழுந்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் அது என்னுடையது என்று தெரிந்தது.

வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மன்னிப்புக் கேட்க நல்ல தமிழில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். சிக்னலில் நின்றபோது அவளே தோளைத் தட்டினாள்.

"தெரிஞ்சு பாத்தும் இம்புட்டுக் கத்துறீங்களேப்பா. வேணும்னா அடுத்த வாரமும் போய்ப் பாருங்க. அப்பயும் சாவாரு."