ஓடை தாண்டாத நோட்டு

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போச்சு, மன்னித்துக்கொள்ளுங்கள். மாதா கோயிலுக்குப் போகிறவள் நான், பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். இதைப் படித்து நீங்களும் சிரிக்கலாம்.

அறுபத்தெட்டோ ஒன்பதோ, பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தேன். படிப்பு முடித்த கையோடு ஒரு சின்ன டாக்டர் வந்திருந்தார். ராத்திரி எத்தனை தடவை எழுப்பினாலும் முகம் சுளிக்காத மனுசன். அவசரம் என்றால் நர்சம்மா நோட்டில் இத்தனை மணி என்று போட்டு எழுதித் தருவார், ஓடைக்கு அந்தப் பக்கம் கால் மணி நேர நடையில் இருந்த டாக்டர் வீட்டுக்கு நான் கொண்டுபோவேன், அவரும் மணி போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்.

அன்றைக்குக் கொட்டுகிற மழை. காட்டோரத்து ஊரிலிருந்து கட்டை வண்டியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை.

“ஓடு புள்ள, டாக்டர் வரலன்னா இவ பொழைக்க மாட்டா” என்றார் நர்சம்மா.

நோட்டை மடியில் செருகிக்கொண்டு லாந்தரோடு ஓடினேன். ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர். கால் வைத்தேன், இழுத்தது. லாந்தரும் அணைந்துபோனது. கரையில் நின்று கத்தினேன், மழையில் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அழுதுகொண்டே திரும்பினேன்.

நம்பினால் நம்புங்கள், டாக்டர் அங்கே இருந்தார். தலையோடு கால் நனைந்துபோய், அவள் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. விடியும்வரை அவளை விட்டு நகரவில்லை. பிழைத்துவிட்டாள்.

காலையில் நர்சம்மா டாக்டரிடம் நோட்டுக்குக் கையெழுத்துக் கேட்டார்.

“அப்பவே போட்டுட்டேனுங்க. ஆயாம்மாதான் லாந்தர் புடிச்சாங்க. ஓடையில அவங்க பின்னாலயே வந்தேன். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது, நில்லுங்கன்னாலும் நிக்காம போறாங்களே!” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மடியை விட்டு இறங்காத நோட்டை எடுத்துப் பிரித்தேன். அவர் கையெழுத்து இருந்தது, மை கலையாமல்.

நான் ஓடை தாண்டி வரவேயில்லை என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் அடுத்த மழைக்கு இறங்கமாட்டாரோ என்று பயம். நீச்சல் தெரியாமல் அந்த வெள்ளத்தில் இறங்கினாரே, நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது.

வருசம் சரியா என்று தெரியவில்லை. அந்த நோட்டு எங்கேயாவது கிடந்தால் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். நர்சம்மா போட்ட மணியும் டாக்டர் போட்ட மணியும் ஒன்றேதானா என்று. எனக்கு அப்படித்தான் ஞாபகம்.