ஏழு பெருக்கல் ஐம்பது

அந்தி வெளிச்சத்தில் பார்க்க வாங்கும் பைனாக்குலரில், முன்கண்ணாடியின் மில்லிமீட்டர் அகலத்தை உருப்பெருக்க எண்ணால் வகுத்தால் வரும் ஈவு ஏழுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அப்பா வேலை பார்த்த படகுக் கம்பெனியின் விதிப்புத்தகத்தில் அது இருக்கத்தான் செய்தது. மட்டாஞ்சேரி மழையில் ஊறி, அந்தப் பக்கம் மட்டும் அடுத்த பக்கத்தோடு ஒட்டிப்போயிருந்தது. புத்தகத்தை விரித்தால் மிளகும் பூஞ்சணமும் கலந்து மணக்கும்.

அப்பாவுக்குப் படகுத்துறை மாடியில் வேலை. பொழுது சாயும் நேரத்தில் கம்பெனி லாஞ்சின் வழியில் விளக்கில்லாத வள்ளம் ஏதாவது குறுக்கிட்டால் சிவப்பு விளக்கை ஏற்றிக்காட்ட வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் ஸ்டோரிலிருந்து இரண்டு பைனாக்குலர்கள் வந்தன. ஒரு வாரத்துக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்ப வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு ‘இரட்டைக்குழல்’ என்று பெயர் விழுந்தது. பட்டருக்கு எதற்கு இரட்டைக்குழல், காக்கா சுடவா என்று வள்ளக்காரர்கள் கேட்டார்களாம்; தமிழ்ப் பிராமணர் எல்லாரும் அவர்களுக்குப் பட்டர்தான்.

ஒன்றில் 7×50 என்றும் மற்றதில் 20×30 என்றும் பொறித்திருந்தது. அந்திக்கு எது உகந்தது என்று அப்பா முறைப்படி பம்பாய்த் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் இல்லை. கெடு முடிகிற அன்று, வாய்ப்பாட்டில் வகுப்புக்கே முதலாக இருந்த என்னைக் கூப்பிட்டார்.

“ஏழைம்பது எத்தனைடி?”

“முந்நூத்தம்பது.”

“இருபது முப்பது?”

“அறுநூறு.”

“அப்போ எது ஒசத்தின்னு நோக்கே தெரியறதே.”

நடுப்பகலில் சோதித்தும் பார்த்தார். 20×30-இல் அக்கரையில் நின்ற வள்ளத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. எனக்கும் ஒரு முறை காட்டினார். 7×50 திரும்பிப் போயிற்று.

ஆடி மாதத்து அந்தி ஒன்றில், மிளகு மூட்டை ஏற்றி வந்த வள்ளத்தில் லாஞ்சு மோதியது. உயிர்ச்சேதம் இல்லை, மிளகு நனைந்தது. மிளகு நனைந்தால் விசாரணை உண்டு. வந்த அதிகாரி அந்தி ஏழு மணிக்கு அப்பாவின் கையில் இரட்டைக்குழலைக் கொடுத்து, எத்தனை வள்ளம் தெரிகிறது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றார் அப்பா. தானும் ஒரு தடவை அதில் பார்க்க வேண்டும் என்று அதிகாரிக்குத் தோன்றவில்லை. பார்க்கச் சொல்லும் விதியும் இல்லை. ‘மாலைக்கண்’ என்று எழுதி, அப்பாவைக் கொச்சங்காடி கிடங்கில் பகல் வேலைக்கு மாற்றினார்.

எழுதியதை அப்பா நம்பிவிட்டார். மீன் வாடையே ஆகாத வீட்டில் சுறா எண்ணெய்ப் புட்டி ஒன்று வந்து, புழக்கடைச் சுவர் மாடத்தில் குடியேறியது. “ஏன்னா, கண்ணை மூடிண்டு முழுங்கிடுங்கோ. பகவான் கேட்டா நான் சொல்லிக்கறேன்” என்பாள் அம்மா. அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்குவார்.

ஆறு மணிக்கு மேல் தனியே வெளியே போவதை விட்டார். கிடங்கிலிருந்து அவரைக் கைப்பிடித்து அழைத்துவருவது என் வேலையாயிற்று. ஒரு நாள் பாதி வழியில் நின்று, “வெள்ளி வந்துடுத்து, பாரு” என்றார். எனக்குத் தெரியவில்லை. விரலை நீட்டிக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் கண்ணுக்கு அது தட்டுப்பட்டது. அதற்குள் அவர் விரலை மடக்கிக்கொண்டு, “தோணித்து, அவ்வளவுதான்” என்றார். நானும் கையை விடாமல், வழக்கம்போல் சாக்கடை வந்தால் சாக்கடை என்று சொல்லி அழைத்துவந்தேன்.

நான்கு வருஷம் அப்படி நடந்தோம். பிறகு காய்ச்சலில் போய்விட்டார்.

நான் பின்னாளில் அரசாங்க ஸ்டோர்ப் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்து, எந்தக் காகிதம் எந்த மேஜையில் எவ்வளவு காலம் தூங்கும் என்பதை அறிந்து ஓய்வு பெற்றேன். அந்தப் படகுத்துறை இப்போது இல்லை. மாடி இருந்த இடத்தில் சாயாக்கடை. கரை முழுக்க மின்விளக்கு எரிவதால் அந்தி என்ற ஒன்றே அங்கே வருவதில்லை. கம்பெனியும் இல்லை. அதன் பம்பாய்க் கடிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

விதி எண்ணை மேற்கோள் காட்டி, ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழு, முப்பதை இருபதால் வகுத்தால் ஒன்றரை, எனவே இரண்டாவது கருவியில் அந்தியில் யாருக்கும் எதுவும் தெரியாது, 7×50-ஐ வைத்துக்கொள்ளவும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். எனக்கு அப்போது வகுத்தலும் தெரியும், அப்பா கேட்கவில்லை.

உறையில் அப்பாவின் பெயர் இருந்ததால் கம்பெனிப் பியூன் வீடு தேடிக் கொண்டுவந்தான். வாத்தியார் கிளம்பிய பிறகு நாங்கள் இலை போட்டுக்கொண்டிருந்தோம். அன்று அப்பாவின் முதல் வருஷ திவசம்.