மண்ணெண்ணெய் கொட்டிய அரிசி

ஒரகடத்தில் மகன் வாடகைக்கு எடுத்த வேனில் படுக்கையும் அடுப்பும் இருந்தன. டிரைவர் கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். அந்த வாசனையில் எனக்கு மறுபடி ஒன்பது வயதானது.

அப்பாவின் லாரியில் தார்ப்பாய் கட்டி, வைக்கோல் மேல் ஜமக்காளம் விரித்து, செஞ்சிக்கும் தஞ்சாவூருக்கும் குடும்பமாகக் கிளம்பினோம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்க வேண்டும் என்று வருஷம் முழுக்கக் கேட்டவள் எலிசபெத் அக்கா. செஞ்சிக் கோட்டையில் முதல் ஆளாக ஏறும் அவசரத்தில், ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றிய நான் டின்னை மூடவில்லை. அது அரிசி மூட்டை மேல் சாய்ந்துவிட்டது. ரேஷன் கடையை விட்டால் அரிசி கிடைக்காத காலம்.

"யார்ரா டின்ன தொறந்து வச்சது?" என்றார் அப்பா.

"அக்காதாம்பா" என்றேன்.

காலையில் சமைத்தவள் அவள். தானே மறந்துவிட்டதாக நம்பி, அடியை வாங்கிக்கொண்டாள். லாரி அங்கிருந்தே வீடு திரும்பியது. தஞ்சாவூரை அவள் இன்றுவரை பார்க்கவில்லை.

வேனில் ஏற வந்த அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு கைத்தடியை நீட்டினாள்.

"பாவி, அறுபது வருஷம் கழிச்சா சொல்ற? இத புடி, நான் ஏறணும். தஞ்சாவூர் வரைக்கும் உன்ன திட்டிக்கினே வரேன்."