ஐந்தரை மணி வண்டி

கேட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்பதற்கு ரயில்வே முத்திரை போட்ட காகிதம் ஒன்று அவர் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தக் காகிதத்தை அவரே நம்பவில்லை. முப்பத்துநாலு வருஷம் ஒரே லெவல் கிராசிங்கில் கேட்டை இறக்கியும் ஏற்றியும் காலம் தள்ளிய மனுஷனை ஒரு நாள் காலையில் சும்மா உட்கார் என்றால் உட்கார்ந்துவிடுவாரா? பால் பொங்கும் நேரம், குழாயில் தண்ணீர் வரும் நேரம், பக்கத்து வீட்டுப் பூனை சுவர் தாண்டும் நேரம் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் குறித்து, கடைசிக் கட்டத்தில் கையெழுத்தும் போட்டு வைத்தார்.

அவர் மனைவிக்குக் காது மந்தம். மந்தம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்னால் அண்டா உருண்டாலும் திரும்பமாட்டார். தண்டவாளத்திலிருந்து பத்தடி தூரத்துக் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தியதற்குக் கிடைத்த பரிசு அது. அதே ரயில், அதே சத்தம்தான் கேட்டுக்காரருக்கும். ஆனால் அவருக்குப் போனது காது இல்லை, அடுத்தவர் சொல்வதைக் கேட்கிற வழக்கம் மட்டும்தான். அந்த அம்மாளிடம் எதைச் சொல்வதானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். "இன்னிக்கு உப்பு கம்மி" என்று அவர் சொன்னால் தெருவின் இருபத்திரண்டு வீட்டுக்கும் அன்றைய சமையல் நிலவரம் தெரிந்துவிடும்.

தெரு ஒரு முட்டுச்சந்து. ஒரு கார் வந்தால் எதிரே நடப்பவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். முனையில் டெய்லர் கடை. மறுகோடியில் கடைசி வீடு மேனேஜருடையது, அதற்கு முந்தியது கேட்டுக்காரருடையது.

மேனேஜர் என்றால் குளியலறை ஓடும் குழாயும் விற்கிற கிடங்குக்கு மேனேஜர். காலை எட்டரைக்கு அவரைப் பார்க்க வேண்டும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, எதிரே வருகிற எல்லோருக்கும் வணக்கம், குழந்தைகளுக்கு ஒரு சிரிப்பு. இப்படி ஒரு தங்கமான மனுஷன் உண்டா என்று தோன்றும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்தத் தங்கம் பாட்டிலைத் திறக்கும். வாடிக்கையாளரோடு ஒரு கிளாஸ், வாடிக்கையாளர் வராத வருத்தத்துக்கு ஒரு கிளாஸ், கடை சாத்துகிற சந்தோஷத்துக்கு ஒரு கிளாஸ். சரியாக ஐந்தரைக்குக் கார் தெருவுக்குள் நுழையும். முதல் வருஷத்தில் அந்தக் காருக்குப் பலியானவை: டெய்லர் கடை பெஞ்சு, எட்டுப் பூந்தொட்டி, ஒரு சைக்கிள், கேட்டுக்காரர் வீட்டு மதில் இரண்டு முறை.

தெரு சும்மா இருக்கவில்லை. சங்கத்தைக் கூட்டியது. அவரிடம் யார் போய்ச் சொல்வது என்று செக்ரட்டரி கேட்டதும் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். சங்க அறைத் தரையில் பளபளவென்று ஓடு. மேனேஜர் சும்மா போட்டுக் கொடுத்தது. செக்ரட்டரி வீட்டுக் குளியலறையிலும் அதே ஓடுதான் என்பது ஊரறிந்த ரகசியம்.

"பெரிய மனுஷன். மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? வர்ற நேரம்தான் நமக்குத் தெரியுமே. நாமதான் கொஞ்சம் அனுசரிச்சு ஓரமா நிக்கணும்" என்றார் செக்ரட்டரி.

எல்லோருக்கும் உயிர் வந்தது. குடிப்பவரை நிறுத்துவதுதான் கஷ்டம், குடிக்காதவர்களை நிறுத்துவதில் என்ன கஷ்டம்? ஆனால் வண்டி வருவதை யார் சொல்வது, ஜனங்களை யார் ஒதுக்குவது? இருபத்திரண்டு வீட்டுக் கண்ணும் ஒரே ஆள் மேல் போய் விழுந்தது.

கேட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்து சிவப்பு, பச்சைக் கொடிகளை எடுத்து உதறினார். அவர் மனைவி மட்டும், "எதுக்குங்க இது? அந்தாளைப் போய் நாலு வார்த்தை கேட்டா என்ன?" என்றார். "உனக்கு ஒண்ணும் தெரியாது! ஒதுங்கு!" என்று இவர் கத்தினார். தெருவே ஒதுங்கத் தயாரானது.

ஏற்பாடு பிரமாதம். கார் பெரிய சாலையிலிருந்து திரும்புவதைக் கண்டதும் டெய்லர் போன் செய்ய வேண்டும். ரயில்வேயில் ஸ்டேஷன்காரரும் கேட்டுக்காரரும் பேசினோம் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு நம்பர் பரிமாறிக்கொள்வார்கள். அதையும் இவர் விடவில்லை.

"அண்ணே, வண்டி வருது, சீக்கிரம்!"

"நம்பர் சொல்லு."

"ஐயோ அண்ணே, வந்துட்டான்!"

"நம்பர் சொல்லாம கேட்டை மூட முடியாது."

"நாப்பத்தேழு!"

பிறகு விசில் ஊதி, சிவப்பைத் தெரு ஜனங்களுக்குக் காட்டுவார். குழந்தைகள் படியேறும், பெண்கள் கதவோரம் ஒதுங்குவார்கள், அவர் மனைவி திண்டாடாமல் கொடியைப் பார்த்துச் சுவரோடு நிற்பார். தெரு காலியானதும் பச்சையைக் காருக்குக் காட்டுவார். கார் ஆடி அசைந்து கடந்துபோகும். டெய்லர் சொன்ன நேரம், வண்டி தாண்டிய நேரம், எத்தனை விநாடி, கொடி, கையெழுத்து எல்லாம் நோட்டில் ஏறும். மேனேஜரோ இதெல்லாம் தனக்குத் தெரு காட்டும் மரியாதை என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கிக் கையசைத்துக்கொண்டே போவார்.

ஒன்றரை வருஷம் ஒரு பூந்தொட்டிகூட உடையவில்லை. சங்கம் கைதட்டியது. கேட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. கிடங்கில் மின்சாரம் போய்விட்டதென்று மேனேஜர் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, பாட்டிலைச் சாத்தாமல் கிளம்பிவிட்டார். டெய்லர் சாப்பிடப் போயிருந்தார். கேட்டுக்காரரும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெரிய சாலைக் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு அவர் மனைவி தெரு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார். நடுவே ஏன் நடக்கக் கூடாது? மணி ஒன்றரை. விசில் இல்லை, கொடி இல்லை. ஐந்தரைக்கு முன்னால் அந்தத் தெரு மனுஷர்களுடையது என்றுதானே புருஷன் பழக்கியிருந்தார். அந்த அம்மாள் திரும்பியே பார்க்கவில்லை.

காரின் பக்கக் கண்ணாடி சோப்புப் பையில் மாட்டி ஆளைச் சுழற்றி எறிந்தது. இடது மணிக்கட்டு ஒடிந்தது. தலை சுவரில் மோதாமல் போனது ஒரு சாண் வித்தியாசத்தில். கார் நிற்கவில்லை. தன் வீட்டுக்குள் போய்த்தான் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, மேனேஜர் ஸ்டியரிங்கில் தலை வைத்து நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

மேனேஜரின் மனைவி ஓடிவந்து அழுதாள். "அண்ணே, வெளியில தெரிஞ்சா வேலையே போயிடும்ணே" என்றாள். செக்ரட்டரியும் தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது கேட்டுக்காரர் வாய் கூசாமல், "படியில வழுக்கிட்டாங்க" என்றார். பக்கத்தில் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மனைவிக்குக் காது கேட்காதது அன்றைக்கு மட்டும் அவருக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் சங்கம் கூடியது. விசாரணை யார் மேல் என்று நினைக்கிறீர்கள்?

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சம்பவ நேரத்துல கொடி இருந்துச்சா?" என்றார் செக்ரட்டரி.

"சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

"அதைத்தான் சொல்றேன். இனிமே சனிக்கிழமை மத்தியானமும் ஒரு டூட்டி பாத்துட்டீங்கன்னா பிரச்சினையே இல்ல. அப்புறம் அக்காகிட்டயும் சொல்லி வைங்க, எப்பவும் ஓரமாவே நடக்கச் சொல்லி."

எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். கூட்டம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மேனேஜர் தம்பதி பழப்பையோடு வந்தார்கள். குளித்து, மடிப்புக் கலையாமல், அந்தக் காலைநேரத் தங்கம் கண் கலங்க நின்றது.

"மன்னிச்சிடுங்கண்ணே. நீங்க மட்டும் நின்னிருந்தா இப்படி ஆயிருக்குமா? உங்க கொடி இருக்கற தைரியத்துலதாண்ணே நான் வண்டியவே எடுக்கறேன்."

"ஆமாண்ணே" என்று மனைவியும் எடுத்துக்கொடுத்தாள். "முன்னெல்லாம் வாரத்துல பாதி நாள் பயந்துக்கிட்டு வாடகை வண்டியிலதான் வருவாரு. நானும் சாவிய எடுத்து ஒளிச்சு வெச்சிடுவேன். நீங்க பாத்துக்க ஆரம்பிச்சதுல இருந்து எனக்கும் கவலை விட்டுப் போச்சு."

நன்றி சொல்லத்தான் வந்தார்கள். சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டுக்காரர் பழப்பையை ஒரு மூலையில் வைத்தார். பிறகு நோட்டை எடுத்துப் பிரித்தார். முதல் மாதம் வண்டி வந்தது பதினோரு நாள். முனையிலிருந்து இவர் வாசலுக்கு நாற்பது விநாடி. போன மாதம் இருபத்தைந்து நாள். பதினெட்டு விநாடி. எல்லாம் அவர் கையால் எழுதியது. எழுதும்போது ஒரு நாளாவது கண்ணில் பட்டதா? உள்ளறையில் கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு மனைவி தூங்கிக்கொண்டிருந்தார்.

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு நோட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது.

"கடைசிக் கட்டத்துல இருக்கற கையெழுத்து யாரோடது?"

"என்னுதுதான் மேடம். கொடி காட்டினவர் போடணும்."

"எல்லா நாளும் பச்சையா?"

"ஆமா மேடம். ஆளுங்களை ஓரமா நிறுத்திட்டுத்தான் காட்டினேன்."

"அவரை நிறுத்தணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

ரயிலை நிறுத்துவது என் வேலை இல்லை என்ற பதில் முப்பத்துநாலு வருஷமாக நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் நினைவுக்கு வந்தது வேறு. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருஷம், மூட்டை ஏற்றிய ஒரு லாரி தண்டவாளத்துக்கு நடுவே அச்சு முறிந்து நின்றது. இவர் சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு ரயிலை நோக்கி ஓடினார். பதினெட்டுப் பெட்டி ரயில் ஒரு முழத் துணிக்கு நின்றது. அப்படி ஓடவேண்டும் என்று ரயில்வேயே எழுதி வைத்திருந்தது. அதை எப்படி மறந்தார்?

"என்னையும் கேஸ்ல சேர்க்கறதா இருந்தா சேர்த்துக்குங்க மேடம்" என்றார்.

"அதை அப்புறம் பாப்போம். சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவார்?"

நேரம் சொல்வதில் மட்டும் கேட்டுக்காரர் ஒருநாளும் பிசகியதில்லை.

அன்று ஐந்தரைக்கு டெய்லர் கடைக்குள் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். கேட்டுக்காரர் முனையில், தெரு நடுவே நின்றார். வழக்கமாகத் தெருவைப் பார்த்து நிற்பவர், இன்று தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றார். கார் திரும்பியது. சிவப்பை விரித்தார். இடத்தை விட்டு நகரவில்லை. கார் நாலடி தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது.

மேனேஜர் தலையை வெளியே நீட்டினார். "என்னண்ணே, கலர் மாறிப்போச்சு?"

போலீஸ்காரர் ஊதச் சொன்னார். "ரெண்டே ரெண்டுதான் சார்" என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் ஊதினார். கருவிக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

செக்ரட்டரி செருப்பை மாட்டாமல்கூட ஓடிவந்தார். "இது நல்லாருக்காண்ணே? பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு இப்படிக் காட்டிக்கொடுக்கலாமா?" என்றார். ஒன்றரை வருஷம் கைதட்டிய தெரு வாசல் வாசலாக நின்று அவரை முறைத்தது. கேட்டுக்காரர் கொடியைச் சுருட்டிக்கொண்டு அத்தனை வாசலையும் கடந்து நடந்தார்.

அவர் மனைவி வாசலில் நின்றிருந்தார். "என்னங்க கூட்டம்? எதுக்கு எல்லாரும் இப்படிப் பாக்கறாங்க?"

காதருகே குனிந்து மெதுவாகச் சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. முடியாதே. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினார்.

"அந்தாளுக்கு ஒன்றரை வருஷமா வழிவிட்டது நான்தான்! உன் கைய ஒடிச்சது நான்தான்! டாக்டர்கிட்ட பொய் சொன்னதும் நான்தான்!"

செக்ரட்டரி போகிற வழியில் அப்படியே நின்றார்.

அந்த அம்மாள் கட்டுப் போட்ட கையைத் தாங்கிப் பிடித்தபடி புருஷன் முகத்தைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியும். டாக்டர்கிட்ட நீங்க வாயசைச்சதைப் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன்."

பிறகு கதவோரம் ஒதுங்கி நின்ற இருபத்தொரு வீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இவங்களுக்குத்தான் காது மந்தம். இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."