முத்துக்கனி அக்காவின் கோழிப் பொடி

செவ்வாய்க்கிழமை காலை உடன்குடியிலிருந்து தீவனக்கடைக்காரர் பேசினார். “அண்ணாச்சி, முத்துக்கனி அக்கா தவறிட்டாவ. விடியக்காலம் நெஞ்சுவலி. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்காவ.” தூத்துக்குடியில் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அந்தப் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு அக்காவைத் தெரியும். அவர் இடித்து விற்ற பொடியை அதைவிட நன்றாகத் தெரியும். நிலவேம்பு, கீழாநெல்லி, மஞ்சள், மிளகு. கொதிக்கவைத்து ஆற்றி, குஞ்சுகள் குடிக்கும் தண்ணீரில் கலக்க வேண்டும். செய்திக்காக முதன்முறை நான் அவருடைய கொட்டகைக்குப் போனபோது, கஷாயத்தில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“கோழிக்கு எதுக்குக்கா கருப்பட்டி?”

“கசந்தா குடிக்காதுல்லா. நீங்க குடிப்பியளா?” என்று ஒரு தம்ளரை நீட்டினார். குடித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னொரு துண்டு வேணும் போல” என்று சட்டியில் போட்டார்.

அன்று அவர் சொன்ன எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து விடுவதையும் சொல்லியிருந்தார். அது எல்லாப் பண்ணைகளிலும் செய்வதுதானே, புதிதல்லவே என்று, இடம் போதாதபோது கட்டுரையில் அதை விட்டுவிட்டேன். ‘மூலிகையே காவல்’ என்ற தலைப்பில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பலரும் பாராட்டினார்கள்.

பக்கத்து ஊர் செல்லத்துரை அதைப் படித்துவிட்டு, பொடி போதும் என்று அந்தத் தடவை சொட்டு மருந்து விடவில்லை. வெள்ளைக்கழிச்சல் வந்தது. கழுத்து திருகிக் கிடந்த கோழிகளைச் சாக்கில் அள்ளிப் புதைத்தார்.

மறுநாள் அக்கா பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கையில் கட்டுரை வந்த பக்கம்.

“தம்பி, நான் சொன்னதுல சொட்டு மருந்த எங்க?”

“எடம் இல்லக்கா.”

“எடம் இல்லன்னா பொடிய வெட்டிருக்கணும். மருந்தயா வெட்டுவிய?”

திருத்தம் போட்டால் அவருடைய வியாபாரம் படுத்துவிடும் என்றேன். “படுக்கட்டும். இன்னும் எத்தன பேரு அதப் படிச்சிட்டுக் கொட்டகைல புதுக் குஞ்சு எறக்கி வச்சிருக்கானோ” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘தடுப்பு மருந்து விட்ட கோழிக்கு இந்தப் பொடி தெம்பு கொடுக்கும். நோயைத் தடுப்பது மருந்துதான்.’ அதே வரிகளை ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டினார். நான் சொன்னபடியே விற்பனை விழுந்தது. பிறகு மெல்லமெல்லத்தான் ஏறியது. பழைய அளவுக்கு வரவில்லை.

செல்லத்துரை வெகுநாள் அவரோடு பேசவில்லை. அக்கா விடவில்லை. செல்லத்துரை புதுக் குஞ்சு இறக்கும் ஒவ்வொரு முறையும், ஏழாம் நாள் ஐஸ் பெட்டியில் மருந்தை எடுத்துக்கொண்டு போய் நிற்பார். “பேசாட்டா போ. குஞ்சப் பிடி” என்பாராம்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் கொட்டகைக்குப் போனேன். செல்லத்துரை குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு குஞ்சைக் கையில் பிடித்துக் கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா எறக்குன குஞ்சுக்கு இன்னைக்கு ஏழாம் நாளு அண்ணாச்சி. அக்காவ எடுக்கதுக்குள்ள முடிச்சிரணும். ஒண்ணு ஒண்ணாப் பிடிச்சிக் குடுங்க.”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு மணிக்குச் சற்று முன்னால் முடித்தோம்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யாரைப் பேட்டி கண்டாலும், நோட்டை மூடுவதற்கு முன்னால், “எல்லாரும் செய்வதுதானே என்று நீங்கள் சொல்லாமல் விட்டது என்ன?” என்று கேட்கிறேன். பதிலுக்கு முதலில் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.