உப்பில்லாத கடலும் தவம் அண்ணையும்

தவம் அண்ணை போய்விட்டார் என்று தொலைபேசி வந்தபோது, தண்டர் பேயில் சரக்கை இறக்கிவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் முழுக்க சுப்பீரியர் ஏரி. புற்றுநோய் முற்றிய ஆள், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் லொறியை ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

அவரும் நானும் பல வருடங்கள் ஒரே லொறியை மாறிமாறி ஓட்டியவர்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவர் அவர். இந்த ஏரியை முதன்முதல் கண்டபோது செம்பாறைகளில் இறங்கிப்போய் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்தாராம். "கடலெண்டா உப்பிருக்கும், குளமெண்டா அக்கரை தெரியும். உது ரெண்டுமில்லை தம்பி, உதை நம்பப்படாது" என்பார். அவரோடு லொறி ஓடிய நண்பர்களே, நீங்கள் எல்லோரும் இதைக் கேட்டு அலுத்திருப்பீர்கள்.

அவருடைய ஒரே மகன் குமரன் அந்த ஏரியில்தான் போனான். கோடையில் நண்பர்களோடு கூடாரமடிக்கப் போனவன். ஒரு குடாவில் காற்று எழும்பித் தோணி கவிழ்ந்தது. நானும் அண்ணையோடு அந்தக் குடாவுக்குப் போயிருந்தேன். வாவியில் விழுந்தவர் மூன்றாம் நாள் மிதப்பார் என்று சொல்லிக் கரையைவிட்டு அசைய மறுத்துவிட்டார். மூன்றாம் நாளும் போனது. பிறகு ஒரு பொலிஸ்காரர் வந்து மெதுவாக விளக்கினார்: அடியில் கோடையிலும் குளிர் மாறாது, அந்தக் குளிரில் உடல் ஊதாது, ஊதாதது மேலே வராது. அண்ணை அவருக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருச்செய்து எரித்துக் கிரியையை முடிக்கலாம் என்று ஐயர் சொன்னார். "ஆள் அங்க கிடக்கேக்க என்னைப் புல்லை எரிக்கச் சொல்லுறீங்களோ?" என்று அண்ணை எழும்பிப் போய்விட்டார். கடைசிவரை குமரனுக்குக் கிரியை நடக்கவில்லை.

அண்ணை தன் சாம்பலை அந்தக் குடாவிலேயே கரைக்கும்படி ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கேட்டார். தகனம் முடிந்ததும் அதை அவர் மனைவி மலரக்காவிடம் சொன்னேன். அக்கா உடனே மறுத்துவிட்டார்.

"அந்த ஏரிக்குப் பிள்ளையைக் குடுத்தது காணும். இவரையும் குடுக்கமாட்டன்."

ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் இடத்தில், நம்மவர்கள் வழக்கமாகக் கரைக்கும் கரையிலேயே கரைத்தோம். சாம்பல் கரைவதைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார்: "அந்த ஏரித் தண்ணி கடைசியில இஞ்சதான் வருமெண்டு அவர் சொல்லுறவர். மகன் வரட்டும். இவர் இஞ்ச நிக்கட்டும்."

அந்தத் தண்ணீர் ஏரி ஏரியாக இறங்கி, நயாகராவில் விழுந்து இங்கே வந்துசேர ஒரு மனித ஆயுள் போதாது. அது அக்காவுக்கும் தெரியும். அண்ணை கேட்டதை நான் செய்யவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது கையைப் பிடித்துக் கேட்ட அந்த வேண்டுகோள் ஒன்றுதான். அதை இறக்கிவைக்க எனக்கு இடமில்லை.